சம்மந்தியம்மாவும் நானும் ஏறுன கப்பல்

இந்தப் பையைத்தானுங்க பாக்கறீங்க? நல்லாப் பாருங்க, ஒண்ணும் தப்பில்ல. தாராபுரத்துல ஏறுனதுல இருந்து பஸ்சுல எல்லாரும் இதையேதான் பாக்கறாங்க. இது பிரமிடுங்க. பக்கத்துல நிக்கறது ஒட்டகம், துவைச்சதுல கால் அழிஞ்சு போச்சு. எகிப்துல வாங்குனது. ஆமாங்க, எகிப்தேதான். போன மாசி மாசம் போய்ட்டு வந்தேன்.

பிரமிடு பாக்கலீங்க. அது கெய்ரோவுல இருக்குதாம். நாங்க போனது அதுக்கு ரொம்பத் தெக்கால, நைல் ஆத்துல, கப்பல்ல. கப்பல்னா நம்ம கொச்சியில நிக்குமே அந்த மாதிரி இல்ல. ஒரு லாட்ஜைத் தூக்கி ஆத்துல மிதக்க விட்ட மாதிரி இருக்கும். மேல மொட்டை மாடி, அதுல நீச்சல் குளம். கரையோரத்துல எங்கெங்க பழைய கோயில் இருக்குதோ அங்கெல்லாம் நிறுத்துவாங்க. எறங்கிப் பாத்துட்டு மறுபடி ஏறிக்கோணும். சோறு, டீ எல்லாம் கப்பல்லயே.

கேக்கறதுக்கு நல்லாத்தானுங்க இருக்குது. கூட யாரு வந்தாங்கன்னு கேளுங்க அம்மணி. என்ற சம்மந்தியம்மா!

சிரிக்காதீங்க. எனக்கு ஒரே பையன், யுவராசு. அபுதாபியில வேலை. மருமக கோமு, ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம். அவங்களே பாத்து முடிவு பண்ணிக்கிட்ட கல்யாணம், நான் குறுக்க நிக்கல. மருமக தங்கமான புள்ளைதானுங்க. அவளைப் பெத்த ஆவுடையம்மாதான் எனக்கு ஆகல.

ஏன்னு கேளுங்க. பையன் அபுதாபி போயி இத்தனை வருசத்துல பெத்தவளை ஒருக்கா "வாம்மா, வந்து பாரு"ன்னு கூப்புடல. வீடு சின்னது, வெயில் சாஸ்தின்னு ஆயிரம் சாக்கு. போன வருசம் திடுதிப்புன்னு மாமியாளைக் கூப்பிட்டுக்கிட்டான்! ஒரு வாரம் பத்து நாள் இல்ல, மாசக்கணக்குல வெச்சிருந்தான். எனக்கு எப்படித் தெரிஞ்சுது? அந்தம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிஞ்சுது. நானாவே போனைப் போட்டேன். "ஏனுங்க, ஊரெல்லாம் சுத்திப் பாத்தாச்சுங்களா? ஒசரமான கட்டடமெல்லாம் ஏறியாச்சுங்களா?"ன்னு மரியாதையாத்தான் கேட்டேன். அந்தம்மா "ம், இருக்கோம்"னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டு போனை வெச்சிருச்சு. பையனைக் கூப்பிட்டா, கேமரா ரிப்பேர்னு சொல்லி மொகத்தைக் காட்டவே இல்ல. மாமியா வந்ததும் அம்மா மொகம் கசந்து போச்சுன்னு நெனச்சேன். அன்னையோட அந்தம்மாகிட்டப் பேச்சை நிறுத்திட்டேன். நான் சண்டை போடற ஆளில்லீங்க. பேசமாட்டேன், அவ்வளவுதான்.

இது மருமகளுக்கு உறுத்தியிருக்கும்போல. ரெண்டு அம்மாவையும் ஒரே கப்பல்ல ஏத்திட்டா சரியாப் போயிரும்னு திட்டம். என்ற வீட்டுக்காரரையும் கூப்பிட்டாங்க. அவரு தென்னைக்குத் தண்ணி கட்டோணும், மாடு வேற செனையா இருக்குதுன்னுட்டாரு. அவரு புத்திசாலி.

கப்பல்ல ஏறுனா, எனக்கும் அந்தம்மாவுக்கும் ஒரே ரூமு. "வேற ரூம் காலியில்லம்மா"ங்கறான் பையன். நடந்து போறப்பப் பாக்கறேன், பாதி ரூமு பூட்டிக் கெடக்குது. சரின்னு விட்டுட்டேன். நான் ஏசியைப் போடுவேன், அந்தம்மா எந்திரிச்சு அமத்தும். நான் மறுபடி போடுவேன். ஒரு வார்த்தை பேசல ரெண்டு பேரும்.

இப்ப நான் சொல்ல வந்தது அந்த ஒரு நாளைப் பத்தி. அன்னிக்கு ரெண்டு கோயில். வெடியால ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.

வெடியால எட்ஃபுன்னு ஒரு ஊரு. கப்பல்ல இருந்து கோயிலுக்குக் குதிரை வண்டியிலதான் போகோணும், நம்ம பழனி ஜட்கா மாதிரி. ஒரு வண்டிக்கு ரெண்டு பேரு. பையனும் மருமகளும் ஒண்ணுல ஓடிப் போய் ஏறிட்டாங்க. அப்புறம் நானும் அந்தம்மாவும் வேற எங்க போறது? நான் ஏறுனதும் வண்டி என்ற பக்கம் சாஞ்சுது. அந்தக் குதிரை நோஞ்சான் குதிரைங்க, அதான். வண்டிக்காரன் என்னையப் பாத்தான், குதிரையைப் பாத்தான், ஏதோ அவங்க பாசையில குதிரைகிட்ட ஆறுதல் சொன்னான். அந்தம்மா கம்பியைப் புடிச்சுட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கிச்சு. தோள்பட்டை மட்டும் குலுங்குது. வண்டி குலுங்குனதுல குலுங்குதுன்னு நெனச்சேன்.

கோயில் பெருசுதானுங்க, பொய் சொல்லக் கூடாது. நம்ம கோபுரம் மேல போகப் போகக் குறுகும், அது ரெண்டு மலையை வெட்டி நிறுத்துன மாதிரி மொட்டையா நிக்குது. வாசல்ல கல்லுல ஒரு பருந்து, தலையில கிரீடம். அதுதான் சாமி. அந்தம்மா பாத்ததும் செருப்பைக் கழட்டிருச்சு! அங்க எவனும் செருப்புக் கழட்டறதில்ல. வெள்ளக்காரங்க ஷூவோட உள்ள போறாங்க, கோழி கூட உள்ள போகுது. கல்லு சுடுது. அந்தம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு தத்தித் தத்தி நடக்குது. நான் மருமககிட்டச் சொன்னேன், "கோமு, இங்க பூசையும் இல்ல, பூசாரியும் இல்ல, காலு கொப்புளிச்சுக்கப் போகுதுன்னு சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லு"ன்னு. அதுக்கு அந்தம்மா மருமககிட்டச் சொல்லுது, "பூசை இல்லாட்டி சாமி இல்லாமப் போயிருமா? கேட்டுச் சொல்லுட்டீ"ன்னு. அந்தப் புள்ளை நடுவுல நின்னுட்டு ரெண்டு பக்கமும் தலையாட்டுது.

எங்களுக்கு ஒரு கைடு, மம்தூன்னு பேரு. அவன் இங்கிலீசுல சொல்ல, பையன் தமிழ்ல சொல்வான். இந்தப் பருந்து சாமிக்கு சம்சாரம் வேற ஊர்லயாம். வருசத்துக்கு ஒருக்கா அந்தம்மன் படகுல ஏறி ஆத்தோட புருசன் வீட்டுக்கு வருமாம், ஊரே திருவிழாவாம். நான் சொன்னேன், "பாத்துக்க யுவராசு, எந்த நாடானாலும் பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் வருது. மாப்பிள்ளை வீட்டுல போய் மாமியா உக்காந்துக்கறதில்ல." நான் பொதுவாத்தானுங்க சொன்னேன். அந்தம்மா உடனே, "விசேஷம் முடிஞ்சதும் அந்த அம்மன் எங்க போவான்னு கேளுங்க மாப்பிள்ளை"ங்குது. கைடு, திரும்ப அவ ஊருக்கே போயிருவாங்கறான். அந்தம்மாவுக்கு மொகத்துல என்ன ஒரு வெளிச்சங்கறீங்க!

அன்னிக்கு என்ற பையன்தான் எனக்குப் பெரிய ஏமாத்தமுங்க. சின்னதுல தென்னை மரம் ஏறுனவன். அந்தக் கோயில்ல நாலு படி ஏறுனா செவத்தைப் புடிச்சுட்டு நிக்கறான். கைப்பையைக் கூட மருமகதான் தூக்கிட்டு வர்றா. நீச்சல் குளத்துல எல்லாரும் எறங்கறாங்க, இவன் சட்டையே கழட்டமாட்டேங்கறான். "மாமியா கைச் சாப்பாடு இவனை எப்படிச் சோம்பேறியாக்கி வெச்சிருக்குது பாரு"ன்னு மனசு கொதிச்சுது. மத்தியானச் சாப்பாட்டுல நான் ஊர்ல இருந்து கொண்டுபோன எலுமிச்சங்கா ஊறுகாயை எடுத்து அவன் தட்டுல வெக்கறேன். மருமக அப்படியே எடுத்து அவ தட்டுல வெச்சுக்கறா. ரெண்டாவது வெக்கறேன், அதையும் எடுத்துக்கறா. அவளுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, அத்தனை காரம். ஆனா அவனுக்குக் குடுக்கல. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது? எதுத்தாப்புல உக்காந்து தயிர்சோறு தின்னுட்டு இருந்துச்சே, அந்தம்மாதான்னு எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் கோம் ஒம்போன்னு ஒரு ஊரு. அந்தக் கோயில் ஆத்தங்கரையிலயே, படியேறுனா வந்துருச்சு. அதுல ஒரு விசேஷம். ஒரே கோயில்ல ரெண்டு மூலஸ்தானம், ரெண்டு வாசல். ஒரு பக்கம் அந்தப் பருந்து சாமி, இன்னொரு பக்கம் முதலை சாமி. முதலைக்குப் போய் கோயிலான்னு கேக்காதீங்க, செத்த முதலையைத் துணி சுத்திப் பத்திரமா அடுக்கி வெச்சிருக்காங்க. பையன் சொன்னான், "ஒரே வீட்டுல ரெண்டு பெரிய சாமி, ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதில்ல, ஆனா நடுவுல ஒரே செவருதாம்மா"ன்னு. மருமக வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கறா. அதுல சிரிக்க என்ன இருக்குதுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியலீங்க.

வெயில்ல அந்தம்மாவுக்கு மொகம் வாடிப் போச்சு. காலு வேற கொப்புளம். பையனும் மருமகளும் இன்னும் கொஞ்சம் பாக்கோணும்னாங்க. நானே சொன்னேன், "நீங்க மெதுவா வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன், எனக்கு நம்ம கப்பல் தெரியும்." பாருங்க, பேசாத ஆளுக்கு நான் ஒத்தாசை பண்ணுனேன். என்ற கொணம் அப்படி.

இப்ப ஒண்ணு புரிஞ்சுக்கோணும். அங்க கரையில எடம் கம்மி. கப்பலுங்க ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா, நம்ம டவுன் பஸ் ஸ்டாண்டுல பஸ் நிக்கற மாதிரி ஒட்டி நிக்கும். ஒரு கப்பலுக்குள்ள பூந்து, அதோட வரவேற்பு ஹாலைத் தாண்டி, அடுத்த கப்பலுக்குள்ள பூந்து, அப்படித்தான் நம்ம கப்பலுக்குப் போகோணும். எல்லாத்துலயும் அதே கண்ணாடிக் கதவு, அதே தங்கக் கலர் கம்பி, அதே பித்தளைச் சட்டியில பேரீச்ச மரம்.

நான் முன்னால நடந்தேன், அந்தம்மா பின்னால. ஒரு கப்பல் தாண்டுனோம். அடுத்ததுல நான் நின்னேன். "இதுதான்." நான் சொன்னது பொதுவா, யாரையும் பாத்துச் சொல்லல.

அந்தம்மா அங்க ஒரு தூணு இருந்துச்சு, அதைப் பாத்து, "நம்ம கப்பல்ல கம்பளம் செவப்பால்லா கெடந்துச்சு"ன்னுச்சு.

நானும் தூணைப் பாத்து, "அழுக்காயிருச்சுன்னு மாத்தியிருப்பாங்க"ன்னேன்.

"அந்த மேசையில மீசைக்காரன்லா இருந்தான்"னுச்சு தூணுகிட்ட.

"அவனுக்கு டூட்டி மாறியிருக்கும்"னேன் தூணுகிட்ட.

நேராக் கேட்டிருந்தா நானும் சித்தெ நிதானமா யோசிச்சிருப்பேன். தூணைப் பாத்துக் கேட்டா எப்படி? அந்தம்மா பண்ணுன தப்பு அதுதானுங்க.

மேல மொட்டை மாடிக்குப் போனோம். டீயும் கேக்கும் வெச்சிருந்தாங்க. நம்ம கப்பல்ல வெக்கறதை விட கேக்கு நல்லாயிருந்துச்சு. நான் ரெண்டு எடுத்துக்கிட்டேன், அந்தம்மாவுக்கும் ஒண்ணு தட்டுல வெச்சு மேசையில தள்ளுனேன். நாற்காலியில சாஞ்சேன். அப்பக் கப்பல் லேசா அசைஞ்சுது. கரை நகருது. காத்து நல்லா வந்துச்சு. பாத்தா, பக்கத்துக் கப்பல்ல, மேல் மாடியில, என்ற பையனும் மருமகளும் நின்னு கரையவே பாத்துட்டு இருக்காங்க!

எந்திரிச்சுக் கத்துனேன், "டேய் யுவராசு! நீ ஏண்டா அந்தக் கப்பல்ல ஏறுனே? இங்க வாடா!"

அவன் திரும்பிப் பாத்தான். அந்த மூஞ்சியை நான் சாகறவரைக்கும் மறக்கமாட்டேன். "அம்மா! அம்மா! நீதான் மாறி..."ன்னு என்னமோ கத்தறான், ரெண்டு கப்பலும் அடிக்கற ஹார்ன்ல ஒண்ணும் கேக்கல. மருமக அவன் கையைப் புடிச்சு உக்கார வெக்கறா. இந்தக் கப்பல்ல இருந்தவங்க பூரா எந்திரிச்சு நின்னு எங்கூடச் சேந்து கையாட்டறாங்க, நான் யாருக்கோ டாட்டா காட்டறேன்னு நெனச்சுட்டு.

அப்பத்தான் அந்தம்மா என்ற கையைப் புடிச்சுது. ரெண்டு கையாலயும் இறுக்கி. "மைனி, மைனி"ங்குது. எனக்குப் புரியல, மைனாங்குதோன்னு நெனச்சேன். அவங்க பக்கம் அண்ணிய அப்படிக் கூப்பிடுவாங்களாம். "மைனி, மாப்பிள்ளை பதறிருவாவளே. ஓடுவாவளே. பதறக்கூடாது, ஓடக்கூடாதுன்னு டாக்டர் அத்தனை தடவை சொல்லிருக்காவளே!"

நான் கேட்டேன், "எந்த டாக்டர்?"

அந்தம்மா கையை விட்டுருச்சு. வாயைப் பொத்திக்கிச்சு.

"எந்த டாக்டருங்க? யாருக்குங்க டாக்டர் சொன்னாரு?"

அதுக்குள்ள கப்பல் மேனேசர் வந்துட்டான். நல்ல பையன். நான் எடுத்து நீட்டுன ரூம் கார்டைப் பாத்தான், சிரிச்சான், வேற கப்பல்னு சைகை பண்ணுனான். எம் பேரைக் கேட்டான். மயிலாத்தாள்னேன். "மைலா? மைலா தால்?"னு ஒயர்லெஸ்ல சொன்னான். ரெண்டு கப்பலும் அஸ்வானுக்குத்தான் போகுது, அங்க போய் மாறிக்கலாம், பயப்படாதீங்கன்னு எப்படியோ புரிய வெச்சான். இன்னொரு டீ கொண்டாந்து குடுத்தான். நான் அதைத் தொடல.

"சொல்லுங்க"ன்னேன் அந்தம்மாகிட்ட.

சொல்லுச்சுங்க. போன வருசம் ஆபீஸ்ல உக்காந்திருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். நெஞ்சு. அடைப்பு. தொறந்து ஆப்பரேசன் பண்ணியிருக்காங்க என்ற பையனுக்கு. இன்னும் நாப்பதாகல. மருமக ஒத்தையா ஆஸ்பத்திரியில நின்னுட்டு அவங்கம்மாவைக் கூப்பிட்டிருக்கா. அந்தம்மா பாஸ்போர்ட் எடுத்து, வாழ்க்கையில மொதத் தடவை பிளேன் ஏறிப் போயிருக்குது. சுத்திப் பாக்கப் போகல. எங்கயும் சுத்திப் பாக்கல. ஆஸ்பத்திரியும் வீடுந்தான்.

"எனக்கேன் சொல்லல?"

"மாப்பிள்ளைதான் சத்தியம் வாங்கிட்டாவ. 'எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஊரையே கூட்டிரும், அப்பாவையும் படுக்க வெச்சிரும்'னாவ. நீங்க போன் பண்ணுன அன்னைக்கு நான் ஐசியு வாசல்ல நிக்கேன் மைனி. வாயத் தொறந்தா அழுதுருவேன். அதான் வெச்சுட்டேன்."

நானா ஊரைக் கூட்டறவ? நீங்களே சொல்லுங்க அம்மணி. இந்தப் பஸ்சுல ஏறுனதுல இருந்து நான் சத்தமாவா பேசறேன்? அந்த முன் சீட்டுக்காரரு ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கறாருன்னு தெரியல. ஏனுங்க, உங்களுக்கு என்ன வேணும்? ம், ஒண்ணுமில்லையாம்.

எனக்குக் கோபம் வந்துச்சுங்க. பெத்தவளுக்குத் தெரியல, பொண்ணு குடுத்தவளுக்குத் தெரிஞ்சிருக்குது. எந்திரிச்சுப் போய்க் கம்பியைப் புடிச்சுட்டு நின்னேன். கரையில பேரீச்ச மரமா ஓடுது. கரும்புக் காடு. ஒருத்தன் எருமையைத் தண்ணியில எறக்கிக் குளுப்பாட்டிட்டு இருந்தான், நம்ம ஊரு மாதிரியே. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அந்தம்மா பின்னால வந்து நின்னுச்சு.

நான் திரும்பிக் கேட்டேன். "கஞ்சி என்ன அரிசியில வெச்சீங்க?"

"புழுங்கரிசி நொய்தான். ஊர்ல இருந்தே கொண்டு போனேன்."

"அவனுக்கு வெந்தயம் போட்டா ஆகாது."

"ஒரு நாள் போட்டேன், துப்பிட்டாவ. பொறவு போடல."

"ராத்திரி எந்தப் பக்கம் படுப்பான்? சின்னதுல இருந்து குப்புறத்தான் படுப்பான்."

"மல்லாக்கத்தான் படுக்கணும்னுட்டாங்க. தூக்கத்துல பெரண்டுருவாவன்னு கோமு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நாற்காலி போட்டு உக்காந்திருந்தோம்."

இப்படியே கேட்டுட்டு வந்தேன். எத்தனை நாள் காச்சல், யாரு முதுகு தொடச்சு விட்டது, எப்ப எந்திரிச்சு நடந்தான். எல்லாத்துக்கும் பதில் சொல்லுச்சு. எனக்குக் கேக்கறதுக்குக் கேள்வி தீந்து போச்சு. ஒண்ணே ஒண்ணு மிச்சம். அதைக் கேக்கலாமா வேண்டாமான்னு இருந்துச்சு. கேட்டேன்.

"மயக்கம் தெளியறப்ப ஏதாச்சும் சொன்னானுங்களா?"

"அம்மான்னுதான் சொன்னாவ."

உடனே சொல்லுச்சுங்க. யோசிக்கவே இல்ல. பொய்யா மெய்யான்னு எனக்குத் தெரியாது. நான் அதுக்கு மேல கேக்கல.

அப்புறம் நாற்காலியில வந்து உக்காந்தோம். ஆறிப்போன டீயைக் குடிச்சோம். அந்தம்மா கொப்புளம் வந்த காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில வெச்சுதுன்னு நெனச்சுக்காதீங்க, நான்தான் தூக்கி வெச்சேன். அப்ப அந்தம்மா, "மைனி, காலைல அந்த வண்டிக்காரன் குதிரைகிட்ட என்ன சொன்னாம்னு தெரியுமா?"ங்குது. "எனக்கென்ன தெரியும்"னேன். "எனக்கும் தெரியாது. ஆனா குதிரை உங்களத் திரும்பிப் பாத்துச்சுல்லா"ன்னு சொல்லிட்டு சிரிக்குது பாருங்க! கண்ணுல தண்ணி வர சிரிக்குது. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. மரியாதைக்குத்தான் சிரிச்சேன்.

அஸ்வான்ல கப்பல் நின்னுச்சு. பின்னாலயே நம்ம கப்பலும் வந்து ஒட்டிச்சு. நடுவுல பலகை போட்டதும் பையன் ஓடி வர்றான். நாங்க ரெண்டு பேரும் ஒரே குரல்ல "ஓடாதே!"ன்னு கத்திட்டோம். அவன் நின்னுட்டான். என்னைய ஒரு மாதிரியாப் பாக்கறான். அந்தம்மா சட்டுனு, "பலகை ஈரமாருக்கு மாப்பிள்ளை, வழுக்கிரும்"னு சமாளிச்சிருச்சு.

வந்து கையைப் புடிச்சுட்டு வையறான். "ஏம்மா, உன்னைய நம்பி அத்தையை அனுப்புனேனே! கப்பல் பேரு படிக்கத் தெரியாதா? யாருகிட்டயாவது கேக்கக் கூடாதா?" நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அந்தம்மா சொல்லுச்சு, "மைனி மேல தப்பில்ல மாப்பிள்ளை. நான்தான் கால் வலிக்குன்னு கண்ட கப்பல்ல ஏறிட்டேன். அவுக வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாவ."

பாத்தீங்களா, அந்தம்மாவே ஒத்துக்கிச்சு. அப்புறம் நான் என்னத்தைச் சொல்றது?

மருமக மட்டும் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. அந்தம்மா என்னைய மைனின்னு கூப்பிட்டதைக் கவனிச்சுட்டாளாட்ட இருக்குது. ஒண்ணும் கேக்கல. கெட்டிக்காரி.

அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டு மேசையில ஊறுகாய் பாட்டிலை நானே எடுத்துப் பையில போட்டுட்டேன். "எண்ணெய் சிக்கு வாசம் அடிக்குது, யாரும் திங்காதீங்க"ன்னேன். பையன், "மத்தியானம் நல்லாத்தானம்மா இருந்துச்சு"ங்கறான். "மத்தியானம் இருந்தது இப்ப இருக்கோணுமா"ன்னேன். மறுநாள் ஒரு தீவுக் கோயில். போட்டுல போனோம். நெறையப் படி. "எனக்கு முட்டி வலிக்குது, நீ எங்கூட உக்காரு"ன்னு பையனை நெழல்லயே உக்கார வெச்சுட்டேன். எனக்கு முட்டிவலியெல்லாம் இல்லீங்க, கல்லு மாதிரி இருக்கேன். அவன் என்ற பக்கத்துல உக்காந்து, என்ற தோள்ல சாஞ்சு தூங்கிட்டான். அந்தச் சட்டைக்குள்ள நெஞ்சு ஏறி எறங்கறதைப் பாத்துட்டே இருந்தேன். அந்தக் கோயில்ல என்ன சாமின்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

இல்லீங்க. அவனை நான் கேக்கவே இல்ல. கேட்டா, யாரு சொன்னதுன்னு வருமில்ல? சத்தியம் வாங்கிட்டானே, அந்தம்மாவைச் சும்மா விடுவானா? என்ற வீட்டுக்காரருக்கும் தெரியாது. நீங்க முன்னப் பின்ன தெரியாதவங்க, மதுரையில எறங்கிப் போயிருவீங்க, அதனால சொன்னேன். அதுக்காக நானும் அந்தம்மாவும் கூட்டாளியாயிட்டோம்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு அந்தம்மாவோட ஏசி சமாச்சாரம் சுத்தமா ஆகாது.

இப்பவா? இப்ப அங்கதானுங்க போறேன், ஸ்ரீவைகுண்டத்துக்கு. அந்தம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு. நாளன்னிக்குத் திருநெல்வேலியில ஆப்பரேசன். மககிட்டச் சொல்லல. கோமு இப்ப மாசமா இருக்கா, பதறிக்கிட்டுப் பிளேன் ஏறிருவான்னு பயம். "மைனி, நீங்க மட்டும் வாரீயளா"ன்னு போன்ல கேட்டுச்சு. வீட்டுல பழனி போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். பையில என்னவா? புழுங்கரிசி நொய்யும், பாசிப்பருப்புந்தான். ஆஸ்பத்திரிக் கஞ்சி வாயில வெக்க வெளங்காதுங்க.

சித்தெ இருங்க, போன் அடிக்குது. ஐயோ, அவனேதான். அம்மணி, சத்தம் போடாதீங்க.

அலோ. சொல்லு சாமி. நல்லா இருக்கேன். சாப்பிட்டியா? ஆமா, பஸ்சுல. பழனிக்குத்தான், கிருத்திகைக்கு. அப்பா சொன்னாரா? அதான். என்ன? திண்டுக்கல்னா? அது வேற பஸ்சு கண்டக்டரு கத்தறான். பக்கத்துல நிக்குது. கோமு எப்படி இருக்கா? வாந்தி நின்னுச்சா? நல்லாப் பாத்துக்க. நீயும் பாத்துக்க. ஓடாதே. சும்மாதான் சொன்னேன், வெயில் காலமில்ல.

அத்தையா? ரெண்டு நாளா போன் எடுக்கலையா? அதை எங்கிட்டக் கேட்டா எனக்கெப்படிடா தெரியும்? நானும் அந்தம்மாவுந்தான் பேசிக்கறதே இல்லையே.